அழித்தலின் வரலாறு: காந்தத் தட்டிலிருந்து கைத்தொலைபேசி வரை

கைத்தொலைபேசி ஒன்றை விற்கும்போதோ, திருத்தக் கொடுக்கும்போதோ, வீட்டிலுள்ள இளையவர் ஒருவருக்குக் கைமாற்றும்போதோ அதிலுள்ள படங்களையும் கடிதங்களையும் குரற்பதிவுகளையும் அழித்துவிடுவது இன்று வழக்கமாகியுள்ளது. திரையிலுள்ள "அழி" என்னும் சொல்லைத் தொட்டதும் படம் மறைகின்றது. மறைந்ததனை அழிந்ததாகவே தொட்டவர் கொள்கின்றார். ஆனால் கணனியின் வரலாற்றில் மறைதலும் அழிதலும் நெடுங்காலம் வெவ்வேறாகவே இருந்துவந்துள்ளன. மறைத்தல் என்பது பார்ப்பவரின் கண்ணிலிருந்து அகற்றுதல். அழித்தல் என்பது எழுதப்பட்ட பொருளிலிருந்தே அகற்றுதல். முன்னையது நொடிப்பொழுதில் முடிவது. பின்னையது காலமும் செலவும் வேண்டுவது. செலவு வேண்டியமையால் அது தவிர்க்கப்பட்டது. தவிர்க்கப்பட்ட செய்தி பயன்படுத்துவோரைச் சென்றடையவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்த இவ்விடைவெளி எவ்வாறு தோன்றியது, யாருக்கு அது முதலில் நிரப்பப்பட்டது, யார் காத்திருக்க நேர்ந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தை அழிப்பதிலுள்ள இடர்ப்பாடு கணனியோடு பிறந்ததன்று. விலங்குத் தோலில் எழுதிய காலத்தில் தோலின் விலை காரணமாகப் பழைய எழுத்தைச் சுரண்டியும் கழுவியும் நீக்கிவிட்டு அதன்மேற் புதிதாக எழுதும் வழக்கம் இருந்தது. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசின் நூல்களைக் கொண்ட பத்தாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று 1229ஆம் ஆண்டளவில் இவ்வாறு சுரண்டப்பட்டு வழிபாட்டு நூலாக மாற்றப்பட்டது. 1906இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹைபர்க் என்னும் அறிஞர் கொன்ஸ்தாந்திநோபிளில் அதனைப் பார்வையிட்டபோது, மன்றாட்டுகளின் கீழே கணிதத்தை வாசித்தார். 1998இல் அந்நூல் நியூயோர்க்கில் இருபது இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. பின்னர் பல்வேறு ஒளிக்கதிர்களைப் பயன்படுத்தி எஞ்சிய பகுதிகளும் வாசிக்கப்பட்டன. சுரண்டியவரின் கண்ணுக்கு எழுத்து மறைந்திருந்தது. தோலில் மை எஞ்சியிருந்தது. தமிழரின் ஓலையில் இத்தகைய சுரண்டலுக்கு இடமில்லை. எழுத்தாணி ஓலையின் மேற்பரப்பைக் கீறியே எழுதுகின்றது. ஏட்டை ஒழிக்க விரும்பியவர் அதனைத் தீயிலோ நீரிலோதான் இடவேண்டியிருந்தது. அழித்தலின் தன்மையை எழுதுவோரின் விருப்பம் அன்றி எழுதப்படும் பொருளே தீர்மானிக்கின்றது என்பதற்கு இவ்விரண்டும் தக்க சான்றுகளாம்.

கணனிக்கு வருவோம். 1977ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் மார்க் மக்டொனல்ட் என்பவர் நெகிழ் வட்டுகளுக்கென ஓர் ஒழுங்குமுறையை அமைத்தார். கோப்புகள் வட்டின் எப்பகுதியில் உள்ளன என்பதைக் குறித்துவைக்கும் அட்டவணையே அதன் அடிப்படை. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாட் கணனியோடு வெளிவந்த டொஸ் இயக்குமுறையும் இவ்வொழுங்கையே கைக்கொண்டது. ஒரு நூலகத்தின் அட்டைப் பேழையை இதற்கு உவமையாகக் கூறலாம். நூலொன்றை "அழிக்கும்படி" பணிக்கப்பட்ட நூலகர் அந்நூலின் அட்டையில் ஒரு கோட்டை இட்டுவிட்டு, தட்டிலுள்ள நூலைத் தொடாமலே திரும்பிவிடுகின்றார். அட்டையை நம்பி வருபவருக்கு நூல் இல்லை. தட்டுகளினூடே நடப்பவருக்கு நூல் உண்டு. புதிய நூலொன்று வந்து அந்த இடம் தேவைப்படும் நாள்வரை பழைய நூல் அங்கேயே இருக்கும். டொஸ் முறையில் நிகழ்ந்தது இதுவே. கோப்பின் பெயரிலுள்ள முதலெழுத்துக்குப் பதிலாக ஒரு குறி இடப்பட்டது; அதன் இடம் "வெற்றிடம்" எனப் பதியப்பட்டது; உள்ளடக்கம் அப்படியே கிடந்தது.

இது வஞ்சகமன்று. அக்காலத்து வட்டுகள் மிக மெதுவாக இயங்கின. ஒவ்வொரு கோப்பின் மீதும் வெற்றெழுத்தை எழுதி அழிப்பதாயின் பயன்படுத்துவோர் காத்திருக்க வேண்டும். மேலும் அழிக்க விரும்பி அழித்தவரைவிடத் தவறுதலாக அழித்துவிட்டுத் தவித்தவர்களே அலுவலகங்களில் அதிகம் எனக் கருதப்பட்டது. 1982இல் பீற்றர் நோர்ட்டன் வெளியிட்ட செய்ந்நிரற்றொகுதி, அழித்த கோப்பை மீட்டுத்தரும் வசதியினாலேயே புகழ்பெற்றது. அழிக்கப்பட்டது அழியவில்லை என்ற உண்மையின்மீது ஒரு வணிகமே எழுந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1983இல் அப்பிள் நிறுவனத்தின் லீசா கணனியும், 1984இல் மக்கின்டோஷ் கணனியும் குப்பைக்கூடையின் படத்தைத் திரையில் வைத்தன. 1995இல் விண்டோஸ் அதனைப் பின்பற்றியது. கூடையிலிட்ட கடதாசியை மீள எடுக்கலாம் என்பது எவருக்கும் விளங்கும். கூடையை வெறுமையாக்கிய பின்னரும் கடதாசி அதே அறையில் இருக்கும் என்பதை அப்படம் சொல்லவில்லை. இப்படத்தின் வழியாகவே ஒரு தலைமுறை அழித்தலைப் பற்றிய தனது பிழையான எண்ணத்தைப் பெற்றுக்கொண்டது எனலாம்.

இவ்வெண்ணம் அமெரிக்க வெள்ளை மாளிகையிலும் நிலவிற்று. ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்று, கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை நிக்கராகுவாவின் கொன்ரா கிளர்ச்சிப் படையினருக்கு வழங்கிய விவகாரம் 1986 நவம்பரில் அம்பலமாயிற்று. தேசிய பாதுகாப்பு ஆலோசகர் ஜோன் பொயின்டெக்ஸ்ரரும் அவரின் கீழ்ப் பணியாற்றிய ஒலிவர் நோர்த்தும் அந்நாட்களில் தமது கணனி அஞ்சல்களை அழித்தனர். பொயின்டெக்ஸ்ரர் அழித்தவை மாத்திரம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை. கடதாசிகளைத் துண்டாக்கும் இயந்திரத்தையும் நோர்த் பயன்படுத்தினார். துண்டான கடதாசி போயிற்று, அஞ்சல்கள் போகவில்லை. கணனிகளைப் பராமரித்த பிரிவினர் வழமைபோல எடுத்துவைத்த காந்த நாடாப் பிரதிகளில் அவை இருந்தன. 1987 பெப்ரவரியில் வெளிவந்த ரவர் ஆணைக்குழுவின் அறிக்கைக்கு அவை முக்கிய சான்றாயின. இரு ஆண்டுகளின் பின், றீகன் பதவி நீங்கும் தறுவாயில், நாடாக்களை அழிக்கும் ஏற்பாட்டுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. 1993இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், கணனி அஞ்சல்களும் பாதுகாக்கப்பட வேண்டிய அரச பதிவுகளே எனத் தீர்ப்பளித்தது.

அழியாமை இவ்விடத்து மக்களுக்கு நன்மையே செய்தது. ஆகவே அழியாதிருப்பது எப்போதும் தீங்கென்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயின் அரசு அலுவலரின் பதிவும், ஒருவர் தம் குழந்தையை எடுத்த படமும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கன அல்ல. முன்னதன் மீது ஊராருக்கு உரிமையுண்டு. பின்னதன் மீது அவருக்கே உரிமையுண்டு. இயந்திரத்துக்கோ இவ்வேறுபாடு தெரியாது. அதிகாரத்தில் உள்ளவரிடம் அழித்தவற்றைத் தேடிப்பிடிக்க ஓர் ஆணைக்குழு தேவைப்பட்டது. சாதாரண மனிதரிடம் அதனைச் செய்ய நோர்ட்டனின் வட்டு ஒன்றே போதுமாயிருந்தது.

அடுத்த திருப்பம் 1996இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு யூலையில் கலிபோர்னியாவின் சன் ஓசே நகரில் நடைபெற்ற கணனிப் பாதுகாப்புக் கருத்தரங்கு ஒன்றில், ஒன்றையொன்று அறியாதன போன்ற இரு கட்டுரைகள் படிக்கப்பட்டன. நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் குட்மன், காந்தத் தட்டில் ஒருமுறை மேலெழுதினாலும் பழைய எழுத்தின் சுவடு நுண்கருவிகளுக்குப் புலப்படலாம் என வாதித்து, 35 தடவை வெவ்வேறு கோலங்களில் மேலெழுதும் முறையை முன்வைத்தார். இக்கட்டுரை பெரும்புகழ் பெற்றது. 35 என்னும் எண் மந்திரம்போல ஓதப்பட்டது. பல்வேறு காலத்துத் தட்டுகளுக்கும் சேர்த்து வகுத்த பட்டியலை ஒரே தட்டின்மீது முழுமையாக ஓட்டுவது பொருளற்றது என்று குட்மனே பின்னர் விளக்க நேர்ந்தது. மற்றைய கட்டுரை டான் போனே, றிச்சர்ட் லிப்டன் ஆகிய இருவருடையது. நாடாக்களில் எடுத்த பிரதிகளிலிருந்து ஒரு கோப்பை மட்டும் அழிப்பது எவ்வாறு என்பதே அவர்களது வினா. வெள்ளை மாளிகையின் நாடாக்கள் எழுப்பிய அதே வினாதான். அவர்கள் கூறிய விடை எளியது: கோப்பை மறைகுறியாக்கியே நாடாவில் எழுதுக, அழிக்க வேண்டியபோது நாடாவைத் தேடிச் செல்லாது திறவுகோலை மட்டும் அழித்துவிடுக. திறவுகோல் இல்லாத எழுத்து எத்தனை நாடாக்களில் இருந்தாலும் வெறும் இரைச்சலே. குட்மனின் வழி எழுத்தோடு மல்லுக்கட்டுவது. இவர்களது வழி எழுத்தை அதன் பாட்டில் விட்டுவிடுவது. எதிர்காலம் இரண்டாவது வழிக்கே உரியதாயிருந்தது. எனினும் அதுபற்றி அன்று பேசியவர் குறைவு.

இதற்கிடையில் மக்கள் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதை மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் பட்டப்பின் மாணவர்களான சிம்சன் கார்பிங்கல், அபி ஷெலற் ஆகிய இருவரின் ஆய்வு வெளிப்படுத்தியது. 2000 நவம்பர் முதல் 2002 ஓகஸ்ற் வரை அவர்கள் 158 பழைய வன்தட்டுகளைச் சந்தையில் வாங்கினர். அவற்றுள் 129 இயங்கின. முறைப்படி துடைக்கப்பட்டிருந்தவை 12 மாத்திரமே. ஏனையவற்றில் நோயாளர் விபரங்களும், காதற் கடிதங்களும், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கடனட்டை இலக்கங்களும் இருந்தன. ஒரு தட்டு வங்கியொன்றின் பணம் வழங்கும் இயந்திரத்திலிருந்து கழற்றப்பட்டது. விற்றவர்களிற் பலர் தட்டை "அழித்தே" விற்றிருந்தனர் என்பதே இவ்வாய்வின் வேதனையான பகுதியாகும். 2003இல் இது வெளியாயிற்று. அந்நேரம் படங்கள் வேறொரு பொருளுக்கு இடம்பெயரத் தொடங்கிவிட்டன.

அப்பொருளின் பெயரிலேயே ஒரு முரண் உண்டு. ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் பியூஜியோ மசுவோகா தலைமையில் உருவாகி, 1984இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட புதிய நினைவகத்துக்கு "பிளாஷ்" என்று பெயர். இப்பெயரை அவரது சக ஊழியர் ஷோஜி அரியிசுமி இட்டார். உள்ளடக்கம் முழுவதும் ஒரே கணத்தில் அழியும் விதம் படப்பெட்டியின் மின்வெட்டொளியை அவருக்கு நினைவூட்டியதாம். அழிதலின் வேகத்தால் பெயர்பெற்ற நினைவகமே பிற்காலத்தில் நம்பி அழிக்க முடியாத நினைவகமாயிற்று. இதற்கான காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. இந்நினைவகத்தில் ஒவ்வொரு நுண்கலமும் சிறைப்பட்ட இலத்திரன்களின் வடிவில் எழுத்தைத் தாங்குகின்றது. எழுதுவதைப் பக்கம் பக்கமாகச் செய்யலாம். அழிப்பதையோ பல பக்கங்கள் சேர்ந்த தொகுதியாகவே செய்யவேண்டும். ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாத, ஒரு கட்டை முழுமையாகவே கழுவவேண்டிய குறிப்பேட்டை ஒத்தது அது. மேலும் ஒவ்வொரு தொகுதியும் குறிப்பிட்ட தடவைகளே அழித்தலைத் தாங்கும். ஆகவே எல்லாத் தொகுதிகளும் சமமாகத் தேயவேண்டும் என்பதற்காக, நினைவகத்தினுள் இருக்கும் கட்டுப்படுத்தி ஒவ்வொரு தடவையும் வேறோரிடத்தில் எழுதுகின்றது. மேலெழுதும்படி கணனி பணித்தாலும் மேலெழுதல் நிகழ்வதில்லை. புதியது புதிய இடத்திற்குச் செல்கின்றது, பழையது "பயனற்றது" என்ற குறியோடு பழைய இடத்தில் கிடக்கின்றது. குட்மனின் 35 தடவையும் இங்கே 35 புதிய இடங்களில் எழுதுவதாகவே முடியலாம்.

2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சன் டியேகோ வளாக ஆய்வாளர்கள் இதனைச் சோதனை மூலம் நிறுவினர். நினைவகச் சில்லுகளைக் கழற்றி நேரடியாக வாசித்த அவர்கள், தனியொரு கோப்பை அழிப்பதற்கென வன்தட்டுக் காலத்தில் வகுக்கப்பட்ட முறைகளில் ஒன்றேனும் இவ்வகை நினைவகத்தில் பயன்தரவில்லை எனக் கண்டனர். உற்பத்தியாளரே வழங்கிய அழித்தற் கட்டளைகளுட் சிலவும் பிழையாக அமைக்கப்பட்டிருந்தன. தட்டு துடைக்கப்பட்டதென அறிவித்துவிட்டு அனைத்தையும் அப்படியே வைத்திருந்தமையும் அச்சோதனையில் அகப்பட்டது.

கைத்தொலைபேசி முழுவதும் இந்நினைவகத்தையே நம்பிப் பிறந்த கருவி. அதில் சேர்வனவோ அலுவலகக் கணனியில் இருந்தவற்றைவிட அந்தரங்கமானவை. 2007இல் முதலாவது ஐபோன் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதற்கு வழங்கப்பட்ட முழுத் துடைப்பு வசதி நினைவகம் முழுவதையும் மேலெழுத முயன்றது. அதற்கு மணிக்கணக்கான நேரம் சென்றது. 2009 யூனில் வெளிவந்த ஐபோன் 3ஜீஎஸ் இவ்வழியைக் கைவிட்டது. நினைவகத்திற் செல்லும் ஒவ்வொரு எழுத்தும் வன்பொருளிலேயே மறைகுறியாக்கப்பட்டது. அதற்கான 256 பிட் திறவுகோல் நினைவகத்தில் தனியே ஒதுக்கப்பட்ட ஒரு சிறு இடத்தில் வைக்கப்பட்டது. இடம்மாற்றி எழுதும் கட்டுப்படுத்தியின் வழக்கத்துக்கு அவ்விடம் உட்படாதது; உண்மையிலேயே அழிக்கத்தக்கது. துடைக்கும்படி பணித்தால் அந்தச் சில பைற்றுகள் மாத்திரம் அழிக்கப்படும். ஆயிரக்கணக்கான படங்கள் அப்படியே கிடந்தாலும் அவற்றை வாசிக்க 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணளவான திறவுகோல்களை ஒவ்வொன்றாகப் பரீட்சிக்க வேண்டும். மணிக்கணக்கான வேலை கணப்பொழுதில் முடிந்தது. 1996இல் நாடாக்களுக்கெனச் சொல்லப்பட்ட விடை பதின்மூன்று ஆண்டுகளின் பின் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்தது.

ஆனால் எவரின் சட்டைப்பைக்குள் என்னும் வினா இங்கே எழுகின்றது. ஐபோன் வசதி படைத்தோரின் கருவி. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பெரும்பாலோர் வாங்கக்கூடியதாயிருந்தவை கூகிளின் அன்ட்ரொயிட் முறையில் இயங்கிய பல்வேறு கம்பனிகளின் மலிவான கருவிகளே. 2011இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 3.0 மறைகுறியாக்கலை ஒரு விருப்பத்தெரிவாக வழங்கியது. அவ்விருப்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து இயக்கியோர் மிகச் சிலர். 2014 யூலையில் அவாஸ்ற் என்னும் பாதுகாப்பு மென்பொருட் கம்பனி, உரிமையாளரால் துடைக்கப்பட்ட 20 பழைய அன்ட்ரொயிட் கருவிகளை இணையச் சந்தையில் வாங்கி, அவற்றிலிருந்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை மீட்டதாக அறிவித்தது. அவற்றுள் 1,500க்கும் மேற்பட்டவை குழந்தைகளின் குடும்பப் படங்கள். 750க்கும் மேற்பட்டவை பெண்கள் ஆடை களைந்த அல்லது களையும் நிலையிலுள்ளவை. துடைக்கும் மென்பொருளை விற்கும் கம்பனிக்கு இவ்வறிவிப்பால் இலாபமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அடுத்த ஆண்டு கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லோரன்ட் சைமனும் பேராசிரியர் றொஸ் அன்டர்சனும் வெளியிட்ட ஆய்வுக்கு அவ்வகை ஐயம் பொருந்தாது.

அவர்கள் ஐந்து உற்பத்தியாளரின் 21 பழைய கருவிகளை ஆராய்ந்தனர். அவை அன்ட்ரொயிட் 2.3 முதல் 4.3 வரையான பதிப்புகளில் இயங்கியவை. "தொழிற்சாலை நிலைக்கு மீளமைத்தல்" என்னும் கட்டளையை நிறைவேற்றிய பின்னரும் அவற்றிலிருந்து படங்களும் செய்திகளும் தொடர்பிலக்கங்களும் மீண்டன. பழைய உரிமையாளரின் கூகிள் கணக்கினுள் நுழைவதற்கான அடையாளத்துண்டுகூட ஐந்தில் நான்கு பங்கு கருவிகளில் கிடைத்தது. விற்றவர் கையிலிருந்து கருவி போன பின்னரும் அவரது அஞ்சற்பெட்டியின் கதவு வாங்கியவருக்குத் திறந்திருந்தது என்பதே இதன் பொருள். உலகில் ஏறத்தாழ 50 கோடி கருவிகள் தமது பிரதான தரவுப் பகுதியை முறையாகத் துடைக்காதனவாக இருக்கலாம் எனவும், படங்கள் சேமிக்கப்படும் பகுதியைப் பொறுத்தவரை அத்தொகை 63 கோடியாகலாம் எனவும் அவர்கள் மதிப்பிட்டனர். காரணங்களுள் முக்கியமானது ஒன்று: நினைவகச் சில்லு முறையான அழித்தற் கட்டளையை ஏற்கக்கூடியதாக இருந்தபோதும், அக்கட்டளையை அதற்கு அனுப்பும் மென்பொருளைச் சில கம்பனிகள் சேர்க்காமலே கருவியைச் சந்தைக்கு விட்டிருந்தன.

கூகிள் இக்குறையை அறியாதிருக்கவில்லை. 2014இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 5.0 உடன், புதிய கருவிகள் யாவும் மறைகுறியாக்கப்பட்டே வரும் என்று அது அறிவித்திருந்தது. சில மாதங்களிலேயே, 2015இன் முற்பகுதியில், அந்நிபந்தனை "வலிந்து பரிந்துரைக்கப்படுவது" என்ற அளவுக்குத் தளர்த்தப்பட்டது. கருவிகள் வேகம் குறைந்தமையே காரணம். அவ்வாண்டின் இறுதியில் வந்த அன்ட்ரொயிட் 6.0 மறைகுறியாக்கலைக் கட்டாயமாக்கிற்று. ஆனால் ஒரு விலக்கும் அளித்தது. மறைகுறியாக்கும் வேகம் விநாடிக்கு 50 மெகாபைற்றளவுக்குக் குறைந்த கருவிகளுக்கு அக்கட்டாயம் இல்லை. அந்த வேகத்துக்குத் தேவையான கட்டளைகள் விலைகூடிய செயலிகளில் இருந்தன, மலிவானவற்றில் இல்லை. எழுத்தளவில் இது பொறியியல் விலக்கு. நடைமுறையில் அது ஏழைகளுக்கான விலக்கு. மலிவான கருவியை வாங்கியவர் மெதுவான கருவியை மட்டும் பெறவில்லை. அழிக்க முடியாத கருவியையும் பெற்றார். அத்துடன், பழைய கருவியை விற்றே புதியதை வாங்கவேண்டிய நிலையில் உள்ளவரும் அவரே.

இவ்விலக்கை நீக்கியது ஒரு கணித வேலை. 2019 பெப்ரவரியில் கூகிளின் போல் குறோலி, எரிக் பிகர்ஸ் ஆகியோர் அடியாந்தம் என்னும் மறைகுறி முறையை வெளியிட்டனர். சிறப்புக் கட்டளைகள் இல்லாத மலிவான செயலிகளிலும் அது விரைவாக இயங்கிற்று. அதே ஆண்டு வெளிவந்த அன்ட்ரொயிட் 10 உடன் புதிய கருவிகள் அனைத்துக்கும், விலை எதுவாயினும், மறைகுறியாக்கல் கட்டாயமாயிற்று. 2009இல் விலைகூடிய கருவிக்குக் கிடைத்தது மலிவான கருவிக்குக் கிடைக்கப் பத்தாண்டுகள் சென்றன. பத்தாண்டுத் தாமதத்துக்குக் கணிதத்தின் கடினம் மாத்திரம் காரணமன்று. வேண்டிய அடிப்படைகள் பல முன்னரே இருந்தன. அவற்றை மலிவான கருவிக்காகப் பொருத்திப் பார்க்கும் அவசரம்தான் எவருக்கும் இருக்கவில்லை. 2019க்கு முற்பட்ட கருவி ஒன்றை வைத்திருப்பவருக்கு எஞ்சியுள்ள வழி, கருவி இடமளிக்குமாயின் நீண்ட கடவுச்சொல்லொன்றை இட்டு முதலில் முழுவதையும் மறைகுறியாக்கி, அதன் பின்னரே மீளமைப்பதாகும். எஞ்சுவது அப்போது வாசிக்க இயலாத எச்சமாகும்.

அழித்தல் இவ்வாறு மெய்யாகிய பின்னர் அரசுகளின் கவலை திசைமாறிற்று. 2013 யூலை 20ஆந் திகதி இலண்டனில் கார்டியன் பத்திரிகையின் நிலவறையில் இடம்பெற்ற நிகழ்ச்சி பழைய காலத்தின் கடைசிக் காட்சி எனத் தகும். எட்வேர்ட் ஸ்நோடன் வழங்கிய ஆவணங்கள் இருந்த கணனிகளை, பிரித்தானிய உளவு நிறுவனத்தின் இரு தொழினுட்பவியலாளர் பார்த்துநிற்க, பத்திரிகையின் அலுவலர்களே அரவை இயந்திரங்களாலும் துளைகருவிகளாலும் சிதைத்தனர். அழித்தற் கட்டளையின் வலிமையை நன்கறிந்த நிறுவனமே அதனை நம்பாது இரும்பைச் சிதைக்கச் செய்தது. பிரதிகள் வேறு நாடுகளில் இருந்தமை இரு தரப்பினருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு, றைலி எதிர் கலிபோர்னியா வழக்கில், கைதானவரின் தொலைபேசியை ஆணையின்றி உடனே சோதிக்க அனுமதிக்க வேண்டும் என்று அமெரிக்க அரச தரப்பு வாதிட்டது. தொலைவிலிருந்தே அது துடைக்கப்படலாம் என்பது அவ்வாதத்தின் ஒரு தூண். உயர் நீதிமன்றம் ஏகமனதாக அதனை நிராகரித்தது: தொலைபேசியை நிறுத்திவிடலாம், அல்லது அலைகள் புகாத உறையில் இடலாம்; சோதிப்பதற்கு ஆணை வேண்டும். 2016 பெப்ரவரியில் சன் பெர்னாடினோ கொலையாளி ஒருவரின் ஐபோன் குறித்து எழுந்த வழக்கின் மையமும் அழித்தலே. பிழையான கடவெண்ணைப் பத்துத் தடவை இட்டால் திறவுகோலைத் தானே அழித்துவிடும் ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்யும் மென்பொருளை எழுதும்படி அப்பிள் நிறுவனம் பணிக்கப்பட்டது. நிறுவனம் மறுத்தது. வேறொரு வழி கிடைத்ததாகக் கூறி மார்ச் மாத இறுதியில் அரசு வழக்கைக் கைவிட்டது. 1986இல் அரசு தான் அழித்ததாக நம்பியவை அழியாமல் அகப்பட்டது. முப்பது ஆண்டுகளின் பின் குடிமகன் அழிக்கக்கூடியதை அழியாமற் காக்க அரசு வழக்காடியது.

இனி எஞ்சியிருப்பது பிரதிகளின் பிரச்சினை. கருவியின் நினைவகம் செம்மையாக அழியத் தொடங்கிய அதே ஆண்டுகளில் படங்கள் கருவியை விட்டு வெளியேறத் தொடங்கின. 2011இல் அப்பிள் நிறுவனம் தொடக்கிய ஐகிளவுட் போன்ற சேவைகள் ஒவ்வொரு படத்தையும் தொலைவிலுள்ள கணனிகளில் பிரதிசெய்தன. 2014 முதல் ஐபோனில் அழித்த படம் "அண்மையில் அழிக்கப்பட்டவை" என்னும் தொகுப்பில் 30 நாட்கள் காத்திருந்தது. 1983இன் குப்பைக்கூடை திரும்பவும் வந்துவிட்டது எனலாம். 2024 மேயில் ஐபோன் இயக்குமுறையின் 17.5 பதிப்பை நிறுவிய சிலர், பல ஆண்டுகளுக்கு முன் அழித்த படங்கள் தமது தொகுப்பில் மீண்டும் தோன்றியிருக்கக் கண்டனர். சில நாட்களில் திருத்தப் பதிப்பு வெளிவந்தது. தரவுத்தளத்தில் ஏற்பட்ட சிதைவே காரணம் என நிறுவனம் கூறிற்று. முழுக் கருவியையும் கணப்பொழுதில் அழிக்கத் தெரிந்த அதே கருவியில் தனியொரு படத்தின் அழிவு மீண்டும் அட்டைப் பேழையின் கோடாகவே இருந்தது.

சட்டம் இப்பிரதிகளை நோக்கியே வளர்ந்துள்ளது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி தமது தரவை அழிப்பிக்கும் உரிமையை மக்களுக்கு அளித்தது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வுரிமையை ஏற்றுக்கொண்டது. இரண்டும் பிறரின் தரவை வைத்திருக்கும் நிறுவனங்களையே பெரிதும் கட்டுப்படுத்துவன. தனியாள் ஒருவர் முற்றிலும் தனது சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அவை பொருந்தா. ஆகவே பழைய கைத்தொலைபேசி ஒன்றைத் தன் தேவைக்கென வாங்கியவர் கையில், முன்னைய உரிமையாளர் அழித்ததாக எண்ணிய படங்கள் எஞ்சியிருப்பின், அவை அவ்வுரிமையின் எல்லைக்கு வெளியே கிடக்கின்றன. அவை உண்மையில் அழிந்தனவா என்பது அக்கருவி எந்த ஆண்டில், எந்த விலைக்கெனச் செய்யப்பட்டது என்பதிலேயே தங்கியுள்ளது.